முதல் செங்கல்லை எடுத்துவைத்தவர்

ஓர் அரசு ஊழியரை அவசரப்படுத்தி உள்ளே இழுத்துவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, நெற்றியில் சந்தனம் வைக்கச்செய்து, கையில் செங்கல்லைத் திணித்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிற டீச்சர் நான். வெட்கம்தான். வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மகள் கயலுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டுக் கழிவறையோ கொல்லையின் கடைசியில், நாலு படி ஏறிப் போகவேண்டும். படி ஏறக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கொல்லையில் வீட்டை ஒட்டி ஓர் அறை, அதற்குள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட். வளைகாப்பு முடிந்து அவளை அரியலூர் மாமியார் வீட்டிலிருந்து அழைத்துவருவதற்குள் கட்டி முடிக்கவேண்டும்.

கட்டட அனுமதி கேட்டுப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். பட்டா கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனால், வில்லங்கச் சான்று எங்கே என்றார்கள். அதையும் கொண்டுபோனால், புல வரைபடம். (எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?) ஆறாவது முறை போனபோது, "எடம் பாக்க ஆள் வருவாங்க" என்றார்கள். எப்போது என்று கேட்டேன். "வருவாங்க." அவ்வளவுதான்.

ஆள் வரவில்லை, ஆடி வந்துகொண்டிருந்தது. ஆடியில் வேலை தொடங்க மாட்டோம். "அனுமதி வரும்போது வரட்டும், பூசைய மட்டும் போட்டுருவோம்" என்றது யார்? நான்தான். பூசைக்கு ஒரு சின்னக் குழி வெட்டச் சொன்னால், கொத்தனார் வந்த கையோடு ஒரு பக்கத்து அஸ்திவாரக் கடக்காலையே தோண்டிவைத்துவிட்டார்.

ஆனியின் கடைசி முகூர்த்தம். முதல் கல்லைச் சம்பந்தியின் அண்ணன் கையால் வைப்பதாக ஏற்பாடு. அவர் செட்டிகுளத்திலிருந்து வரவேண்டும். கல்யாணத்தின்போது வெளிநாட்டில் இருந்ததால் நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையும் தோளில் பையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர் வூடு இதானுங்களே?"

"வாங்கண்ணே, வாங்க! ஒங்களுக்காவத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்!"

"அம்மா, நான் வந்து..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நேரம் போயிரும்."

மனுஷன் திருதிருவென்று விழித்தபடியே கல்லைக் குழியில் வைத்தார். எல்லோரும் பூப் போட்டோம். என் கணவர் அத்தனையையும் செல்போனில் வீடியோ எடுத்தார். கேசரியை ஒரு வாய் தின்ற பிறகுதான் வந்தவர் பையைத் திறந்தார். உள்ளே எங்கள் ஃபைல்!

"நான் எடம் பாக்க வந்தேன்மா. அப்ரூவல் வராம கடக்கால் தோண்டிப்புட்டீங்களே?"

அந்த நேரம் பார்த்து உண்மையான அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மன்னிச்சிருங்க சார்" என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆறு முறை அலைந்த ஆத்திரமெல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்துவிட்டது.

"தோண்டுனது நாங்க. மொதக் கல்லு வச்சது நீங்க சார்! வீடியோ இருக்கு!"

"ஏம்மா, சும்மா இரேன்" என்று என் கணவர் கெஞ்சினார். நானா இருப்பேன்? மறுநாள் ஆபீஸுக்கே போய், மேசை மேசையாக அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அதன்பின் எங்கள் ஃபைலைக் கண்டவர் யாருமில்லை. வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் உடனே வந்தது. (அதற்கு எந்தப் பேப்பரும் குறையவில்லை!)

தலைப்பிரசவத்துக்குக் கயல் மாமியார் வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தையோடு அங்கேதான் திரும்பினாள். பத்தியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அனுமதி கிடைத்தபோது பேத்திக்குப் பல் முளைத்திருந்தது.

இப்போது எந்த விசேஷத்திலும் புது ஆள் யாராவது வந்தால் மாப்பிள்ளை ஓடி வருகிறார். "அத்தை, இவரு எங்க சித்தப்பாதான். ஆதார் கார்டு காட்டச் சொல்லவா?"

எல்லோரையும்விடக் கயல்தான் உரக்கச் சிரிக்கிறாள். தாய் வீட்டில் அவள் படுத்திருக்கவேண்டிய நாட்களை வாயாலேயே கெடுத்தவள்மீது அவளுக்கு ஏனோ கோபமே இல்லை. எனக்குத்தான் இன்னும் தீரவில்லை.