பூட்டு மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

இந்த ஞாயிற்றுக்கிழமை எவர் வீட்டு பீரோவையும் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான மனிதன் வாழ்நாளில் ஒரு முறையாவது சொந்தமாக ஒரு முடிவெடுக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

விஷயம் இதுதான். என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், வீடு மாறுகிறார். நாலு வருஷத்தில் இது மூன்றாவது வீடு. முதலில் முதல் மாடி, அப்புறம் இரண்டாவது மாடி, இப்போது மூன்றாவது மாடி. மனிதர் படிப்படியாக முன்னேறுகிறார். அவருடைய இரும்பு பீரோவும் கூடவே முன்னேறுகிறது. அதைக் கீழே இருந்து முட்டுக்கொடுத்து முன்னேற்றுகிறவன் நான். போன தடவை தூக்கியதில் என் இடுப்பு ஒரு வாரம் நிமிரவே இல்லை. ஆபீஸில் நான் மரியாதையாகக் குனிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டார்கள். மேனேஜருக்கு மட்டும் பரம திருப்தி.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அக்கா வீட்ல இருக்கணும்" என்றாள் மனைவி.

"கண்டிப்பா" என்றேன்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் என்னுடையதுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அது அவள் பேச்சைத்தான் கேட்கும்.

குளிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. என் மோட்டார் சைக்கிளுக்கு வயது இருபத்திரண்டு. பழைய வண்டி என்பதால் எஞ்சினுக்கு ஒரு சாவி, பக்கவாட்டுப் பெட்டிக்கு ஒரு சாவி, ஹேண்டில் பூட்டுக்கு ஒரு சாவி. கடைசி இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். குழம்பாமல் இருக்கப் பூட்டுச் சாவியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டினால் வண்டி நேராகப் போகாது. அந்தப் பூட்டு திறக்காமல் மாட்டிக்கொண்டால்? வண்டி நகராது. சகலை வீடு ஊரின் அந்தக் கோடியில். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. வண்டி நகராவிட்டால் நான் நகர மாட்டேன். நான் நகராவிட்டால் பீரோ நகராது. தலையில் சோப்பு நுரையோடு எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நல்ல பூட்டை நன்றாகப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஐயய்யோ!" என்றேன்.

மனைவி வரும் முன் எதிர்வீட்டு ஸ்பேனர் மாமா வந்துவிட்டார். ரிட்டயர்டு ஃபிட்டர். வேலை போனாலும் ஸ்பேனரை விடாதவர். பால் வாங்கக்கூட அதோடுதான் போவார்.

"என்ன தம்பி, பூட்டா?"

"ஆமா மாமா. ஜாம் ஆயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் இருக்கறப்போ என்ன முடியாது?"

இவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மாமா ஓடிப்போய் எண்ணெய்க் குப்பி கொண்டுவந்தார். சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு விட்டார்.

"ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அழுத்திக்கிட்டு, சாவிய மெதுவாத் திருப்புங்க. உள்ள இருக்கற நாக்கு இறுக்கத்துல மாட்டியிருக்கும். இறுக்கம் விட்டா தானா கழண்டுக்கும். முரட்டுத்தனமா திருப்பினா சாவிதான் உடையும்."

அருமையான யோசனை. அதுதான் எனக்குப் பிரச்சினை. ஹேண்டிலை அழுத்தினேன். பல்லைக் கடித்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. சாவியைப் பிடித்த விரல்களை மட்டும் அசைக்கவே இல்லை.

"அசையுதா?"

"ம்ஹூம்."

"குடுங்க, நான் பாக்கறேன்."

"வேணாம் மாமா! பழைய சாவி. என் கைக்குத்தான் பழக்கம்."

இதற்குள் மனைவி டீயோடு வந்து நின்றாள். பூட்டை அவள் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே லேசாக உதைத்திருக்க வேண்டும்.

"ரொம்ப வேர்க்குதே உங்களுக்கு?"

"பின்ன? அரை மணி நேரமா போராடறேன்."

"சாவி பூரா எண்ணெய்ப் பிசுக்கு. குடுங்க, கழுவித் தர்றேன்."

உள்ளே கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். என்ன பொறுப்பு!

"அப்ப இன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போக முடியாதா?"

"எப்படிம்மா முடியும்? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? சகலை தனியா கஷ்டப்படுவாரேன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

"பூட்டு மாட்டிக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். போய்ப் படுங்க."

படுங்க! இந்த வார்த்தையை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஃபேனைச் சுழலவிட்டு சோபாவில் நீட்டிப் படுத்தேன். என் இடுப்பு எனக்கு நன்றி சொன்னது. பத்து நிமிஷம் ராஜா மாதிரி இருந்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து போன் பேச்சு காதில் விழுந்தது.

"ஆமாங்க, மோட்டார் சைக்கிள்தான். இருபத்திரண்டு வருஷம். ஹேண்டில் பூட்டு மாட்டிக்கிச்சு. இல்லல்ல, ரிப்பேர்லாம் வேணாம். எடைக்கே எடுத்துக்கோங்க. லாரி கொண்டு வந்துடுங்க."

தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஓடினேன்.

"யார்கிட்ட பேசின?"

"பழைய இரும்புக்காரர்கிட்ட. அரை மணி நேரத்துல வர்றாராம்."

"என் வண்டியவா?"

"மாமா வந்து எண்ணெய் விட்டும் திறக்கலேன்னா அது இனிமே வண்டியா? வாசல்ல இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கற இரும்பு."

"இந்த வண்டிலதான் உன்ன முதல் தடவையா வெளில கூட்டிட்டுப் போனேன்!"

"முதல் தடவையா நடு ரோட்ல இறக்கித் தள்ளச் சொன்னீங்க. மறக்குமா?"

எனக்கு அந்த வண்டி என்றால் உயிர். சிரிக்காதீர்கள். இந்த வீட்டில் நான் திருப்புகிற பக்கம் திரும்புவது அந்த வண்டி ஒன்றுதான். அதை எடைத் தட்டில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. பீரோவாவது, இடுப்பாவது! பூட்டைத் திறந்து, "அட, திறந்துடுச்சே!" என்று நாலு பேர் முன்னால் ஆச்சரியப்பட்டுவிட்டால் போதும் என்று வாசலுக்குப் பாய்ந்தேன்.

சிவப்பு நூல் கட்டிய சாவியைப் போட்டுத் திருப்பினேன். திரும்பவில்லை. ஹேண்டிலை இடது பக்கம் அழுத்திக்கொண்டு திருப்பினேன். ம்ஹூம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். நாலு சொட்டு விட்டேன். குப்பியையே கவிழ்த்தேன். பூட்டு கல் மாதிரி இருந்தது. இந்தத் தடவை வேர்த்தது நிஜ வேர்வை.

ஸ்பேனர் மாமா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கூர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் தம்பி சாவியத் திருப்பறீங்க."

"என்ன மாமா சொல்றீங்க?"

"காலைல நீங்க திருப்பவே இல்லையே. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க சம்சாரமும்தான் பாத்துது. குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

தெருமுனையில் ஒரு மினி லாரி திரும்பியது. நேராக எங்கள் வீட்டை நோக்கி வந்தது. ஹாரன் அடித்தது. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தொடாதீங்க! வண்டிய விக்கல! பூட்டு நல்லாத்தான் இருக்கு! பீரோ தூக்க பயந்துக்கிட்டு நான்தான் பொய் சொன்னேன்!"

தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. கண்ணைத் திறந்து பார்த்தேன். வாசற்படியில் மனைவி, புடவை மாற்றி, கைப்பையும் மாட்டிக்கொண்டு நின்றாள். பைக்குள்ளிருந்து நூல் இல்லாத ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க, பூட்டுச் சாவி. உங்க கைல இருக்கறது பெட்டிச் சாவி. கழுவும்போது நூலை மாத்திக் கட்டிட்டேன்."

போட்டேன். திருப்பினேன். கிளிக். ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது.

"அப்ப அந்த இரும்புக்காரர்?"

"அப்படி யாரும் இல்ல. அக்காகிட்டதான் பேசினேன்."

லாரியின் முன்கதவு திறந்தது. வாயெல்லாம் பல்லாக இறங்கியவர் என் சகலை. பின்னால் கட்டில், மேஜை, பீரோ எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. என் தோளில் கை போட்டார்.

"ஏறுங்க சகலை. போற வழில உங்களயும் அள்ளிப் போட்டுக்கச் சொல்லி உங்க வீட்ல சொல்லிட்டாங்க."

"நான் வர மாட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதான் சொன்னாங்க. முதல் தடவை பங்ச்சர், ரெண்டாவது தடவை பேட்டரி, நடுவுல கிளட்ச் ஒயர், எல்லாச் சாக்கும் சொல்லிப் பாத்துட்டீங்களாம், ஒண்ணும் பலிக்கலயாம். இனி அந்த வண்டில மிச்சம் இருக்கறது ஹேண்டில் பூட்டுதான், இந்த ஞாயித்துக்கிழமை அது மாட்டிக்கும்னாங்க."

"எப்ப சொன்னா?"

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களே!"

எனக்கு அந்த யோசனை வந்தது சனிக்கிழமை சாயங்காலம்.