வீட்டிலேயே போட்டுக்கலாம்

‘வீட்டிலேயே போட்டுக்கலாம்’ என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். போட்டோக் கடையைக் கடக்கும்போது, “எல்லார் மூஞ்சிக்கும் ஒரே பவுடரை அடிச்சு அனுப்புவான்” என்று முணுமுணுக்கிறவர். அலமாரியில் துணி இருந்த தட்டில் பிரிண்டரையும், அதற்கென்று மூன்று வகைத் தாளையும் குடிவைத்துவிட்டு, வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே தாளின் வழவழப்பைத் தடவிப் பார்க்கச் சொல்கிறவர். படம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

நம் சூப்பிரண்டு இந்த இனத்தில் பழுத்தவர். அவர் மனைவி நர்ஸ். ஊசி வலிக்காது என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகியவர். அன்று மூன்று மணிக்கு மகளுக்கு வண்டி. வெளியூரில் முதல் வேலை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மூன்று பேரும் சேர்ந்திருக்கும் ஒரு படம், புது அறையில் வைத்துக்கொள்ள. கண்ணாடிச் சட்டம்கூட அவளே வாங்கி வைத்திருந்தாள்.

“கடையில குடுத்துடலாமேப்பா?”

“கடையிலயா? உங்கம்மா புடவை என்ன கலருன்னு அவனுக்குத் தெரியுமா?”

இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு முதல் படம் வந்தது. மூவரும் பச்சை. “ஈரம், தொடாதீங்க! ஓரத்தைப் பிடிக்கணும்!” என்று அதட்டினார். எதைக் காப்பாற்ற? பிறகு, மை அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, இயந்திரத்தைச் சுத்தம் செய்ய விட்டார். இந்தச் சுத்தம் இருக்கிறதே, அது இருக்கிற மையைக் குடித்துத்தான் அடைத்த மையைக் கழுவும். நான்கு தடவை கழுவினார். ஒன்பதாவது படத்தில் மகள் ஊதா, மனைவி முகத்தில் வரிவரியாகக் கோடு, அவர் மட்டும் நல்ல நிறம்.

“கிட்டத்தட்ட வந்துடுச்சு!”

அந்தக் ‘கிட்டத்தட்ட’வைக் கேட்டதும் நர்ஸம்மா பையை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“காய் வாங்கிட்டு வரேன்.”

காயில்லாமல்தான் திரும்பினார். யார் கவனித்தார்கள்?

இரண்டரை மணிக்கு, “இதுதான் கடைசி” என்று பொத்தானை அழுத்திவிட்டு, சூப்பிரண்டு கையிலிருந்த மையைக் கழுவப் போனார். இயந்திரம் ஒரு சாம்பல் நிறக் குடும்பத்தைத் துப்பியது. நர்ஸம்மா அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். பையிலிருந்த படத்தை அந்த இடத்தில் வைத்தார். அதன் பின்பக்கத்தில் கடையின் நீல முத்திரை.

கை கழுவிவிட்டு வந்தவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “பாத்தியா? அந்தப் புடவையைப் பாரு! கடைக்காரன் தலைகீழா நின்னாலும் இப்படி வருமா?”

“வரவே வராதுங்க,” என்றார் நர்ஸம்மா, ஊசி போடுகிற முகத்தோடு.

சூப்பிரண்டு படத்தைத் திருப்பப் போனார்.

“அய்யோ, ஈரம்ப்பா! விரல் பட்டுடும்!”

மகள் ஓரத்தைப் பிடித்து வாங்கி, லாகவமாகச் சட்டத்துக்குள் தள்ளினாள். பிள்ளை தொழில் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்: “கடைக்கா போறீங்க? எதுக்கு சார்?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் நீங்களே போட்ட படம் ஒன்று, பார்க்கிறவர் எல்லாம் மெச்சும்படி தொங்குகிறதா? சந்தோஷம். அதைக் கழற்றிப் பின்பக்கம் மட்டும் பார்த்துவிடாதீர்கள்.