மூன்று சக்கரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மைத்துனனுக்கு

அன்புக்கும் ஆசிக்கும் உரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

கடல் அமைதியாகவும், கப்பலில் சாப்பாடு வாயில் வைக்கும்படியாகவும் இருக்கும் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகமா இல்லையா என்பதை நானாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வந்து, எனக்கும் தெரியப்படுத்தவும். போனில் உன்னைப் பிடிக்க முடியாததால் அடுத்த துறைமுகத்து விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் நீ அனுப்பிய வண்டி. அதை வண்டி என்று சொல்லலாமா என்பதிலேயே எனக்குக் குழப்பம். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்தவன் நான். தராசு என்றால் தராசு, படிக்கல் என்றால் படிக்கல். தராசே கொஞ்ச நேரம் படிக்கல்லாகவும் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் முத்திரை குத்தியிருக்க மாட்டேன். கப்பல் ஏறுவதற்கு முன் நீ போனில், "அத்தான், அக்காவோட முட்டிக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், வந்துடும்" என்றபோது தைலமாக இருக்கும் என்று நினைத்து அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்தேன். வந்ததோ என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி. உன் அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தாள். சத்தம் போடாமல் பிரித்துப் பூட்டினேன். விளக்கக் காகிதத்தில் ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் படம். படத்தில் ஒரு மொட்டைத் தலை மனிதன் சிரித்துக்கொண்டே திருகுகிறான். அவனுக்கு மிச்சம் எதுவும் வரவில்லை, எனக்கு மூன்று திருகாணி மிச்சம் வந்தது. பூட்டி முடித்துப் பார்த்தால் மூன்று சக்கர சைக்கிள், பின்னால் பெரிய கூடை, பச்சை நிறம். அவள் படியில் விழுந்து முட்டி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. அவளை வாசற்படி தாண்ட விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வருகிறேன், நீ என்னடாவென்றால் ஓட்டிக்கொண்டு போ என்று சக்கரம் அனுப்புகிறாய். அந்த நேரத்தில்தான் சீட்டுக்கு அடியில் இருந்த சிவப்புக் குமிழில் என் விரல் பட்டது. சீட்டு பின்னால் மடிந்தது, முன் சக்கரம் உள்ளே போனது, ஹேண்டில்பார் மேலே எழும்பி நின்றது. பார்த்தால் கடைகளில் தள்ளிக்கொண்டு போவோமே, அதே ட்ராலி. உன் அக்கா எழுந்து வந்து, "என்னங்க இது?" என்றாள். "உன் தம்பி ட்ராலி அனுப்பியிருக்கான், நான் காய்கறி தூக்கிக் கஷ்டப்படக் கூடாதாம்" என்றேன். "என் முட்டிக்குன்னு சொன்னானே" என்றாள். "நான் தூக்காட்டி நீதானே தூக்கணும், அப்ப உன் முட்டிக்குத்தானே" என்றேன். இவ்வளவு வேகமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

நாலு நாள் ட்ராலி ட்ராலியாகவே இருந்தது. ஐந்தாம் நாள் அதைத் தள்ளிக்கொண்டு பெரிய கடைக்குப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு. தக்காளி, வெங்காயம், இரண்டு முட்டைக்கோஸ் எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு பில் போடும் இடத்தில் நின்றால், அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் ட்ராலியைப் பார்க்கிறாள். மேனேஜர் வந்தார். "சார், இந்த ட்ராலிய எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். "வீட்டிலேருந்து" என்றேன். "வீட்டுக்கு எப்ப எடுத்துட்டுப் போனீங்க?" என்றார். "அஞ்சு நாளாச்சு" என்றேன், உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "போன மாசத்துலேருந்து பதினோரு ட்ராலி காணோம் சார்" என்றார் அவர். "என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று புரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். பிறர் தராசைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டவன் நான், என்னை ஒருவன் பிடித்து வைத்துக் கேட்கிறான். நிரூபித்துவிடலாம் என்று குமிழை அழுத்தினேன். சீட்டு எழும்பியது, முன் சக்கரம் துள்ளி வெளியே வந்தது, முட்டைக்கோஸ் இரண்டும் உருண்டு சோப்புத் தூள் அடுக்குக்கு அடியில் போய்விட்டன. உடனே வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்து, "சார், உள்ள வண்டி கொண்டு வரக்கூடாது" என்றார். "இது வண்டி இல்லப்பா, ட்ராலி" என்றேன். "ட்ராலின்னா எங்களுது" என்றார் மேனேஜர். "அப்ப வண்டி" என்றேன். "வண்டின்னா வெளியே" என்றார் செக்யூரிட்டி. இப்படியே மூன்று சுற்றுப் போனது. கடைசியில் மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எதாச்சும் ஒண்ணா இருக்கச் சொல்லுங்க சார்" என்றார். நான் ஐந்து நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் தடவையாக இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விட்டுவிட்டார்கள். ஆனால் குமிழ் மறுபடி அமுங்கவில்லை.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். கீழே நிறுத்தினால் உன் அக்கா பால்கனியிலிருந்து பார்த்துவிடுவாள், மேலே கொண்டுபோக வேண்டும். காவலாளி, "வண்டியெல்லாம் லிஃப்ட்ல ஏத்தக்கூடாது சார்" என்றார். அவர் தண்ணீர் பிடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அதை நிமிர்த்தி நிறுத்தி நானும் ஒட்டிக்கொண்டேன். இரண்டாம் மாடியில் பாட்டு டீச்சர் ஏறினார். நம் பக்கத்து வீடு. இடமில்லை என்று சொன்னேன், "பரவால்ல சார், ஒரு மாடிதானே" என்றார். ஒரு மாடிக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பாதியில் வண்டி சரிந்து கீழே இறங்கியது, டீச்சருக்கு நிற்க இடமில்லாமல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார், நான் கூடைக்கும் சுவருக்கும் நடுவே தேங்காய்ச் சில்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது, முன் சக்கரம் கதவில் மாட்டியது. கதவு சாத்தப் பார்க்கும், சக்கரத்தில் இடித்துத் திறக்கும், மறுபடி சாத்தப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் டீச்சரின் முழங்கை மணியில் பட்டு அது கிணிங் என்றது. சத்தம் கேட்டு உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "டீச்சர், புதுசா வண்டி வாங்கியிருக்கீங்களா?" என்றாள். "இல்லம்மா, உங்க வீட்டுக்காரர்தான் என்னை ஏத்திக்கிட்டு வந்தார்" என்றார் டீச்சர். உன் அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டியைப் பார்த்தாள். நிதானமாகக் கேட்டாள்: "ட்ராலிக்கு எதுக்குங்க பெடல்?"

நான் குனிந்து, கதவில் மாட்டிய சக்கரத்தை இழுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டில் அவளும் இல்லை, அதுவும் இல்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் பச்சையாக ஒன்று தெருமுனையில் திரும்புகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தினமும் சைக்கிளில் டெலிபோன் ஆபீசுக்குப் போனவள் என்று நான் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா சொன்னது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஈரத் தலையோடு ஓடினேன். காய்கறிக்காரரிடம் கேட்டேன், மருந்துக் கடையில் கேட்டேன். நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர், "பின்னாடி கூடை வெச்ச அம்மாவா? சிவப்பு விழுந்ததும் கோட்டுக்குப் பின்னாடியே நின்னாங்க சார், இந்த ஊர்ல அப்படி நின்ன மொத ஆள்" என்றார். எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டால் அதை அவர் கவனிக்கவில்லை. இன்னும் வேகமாக ஓடி, நடைபாதைக் கல் தடுக்கி, கணுக்கால் பிசகி, இரண்டு மணி நேரம் கழித்து நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள், மூக்கில் புதுக் கண்ணாடி. "எங்கே போனே?" என்றேன். "கண்ணாடிக் கடைக்கு. எட்டு மாசமா இடது கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்ல" என்றாள். "எப்ப சொன்னே?" என்றேன். "சொல்றப்பல்லாம் நாளைக்குப் போலாம்னீங்க" என்றாள்.

மைத்துனா, உன்னிடம் ஒன்றை நான் இதுவரை சொன்னதில்லை. அவள் விழுந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. நான் நாலு படி முன்னால் இறங்கிப் போய்க்கொண்டே, சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொன்னேன். அன்று காபி முன்னால் நொண்டிக் காலோடு நின்றபோது என்னை அறியாமல் இதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியுமே, நான்தானே உங்க முதுகைப் பாத்துக்கிட்டே விழுந்தேன்" என்றாள். பிறகு, "நீங்க கையைப் பிடிச்சிருந்தாலும் விழுந்திருப்பேங்க. ரெண்டு பேராப் போய் விழுந்திருப்போம். அதுக்காக எட்டு மாசம் என்னைப் பூட்டி வைப்பாங்களா?" என்றாள். உடனே, "காலைக் காட்டுங்க, வீங்கியிருக்கு" என்றாள்.

வீங்கித்தான் இருந்தது. ஆட்டோ எதுவும் கிடைக்காததால் டாக்டரிடம் என்னைக் கூடையில் உட்கார வைத்து அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அறுபத்தாறு வயதில், முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து, ஊரையே பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். வழியில், ஒரு காலத்தில் நான் தராசைப் பறிமுதல் செய்த பழக்கடைக்காரர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டுவிட்டு உன் அக்காவிடம், "அம்மா, சாரு எத்தனை கிலோ?" என்றார். இருபது வருஷம் காத்திருந்திருக்கிறார் மனுஷன். உன் அக்கா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் பத்து மணிக்குக் கிளம்புகிறாள். குமிழ் அவளுக்கு ஒரே அழுத்தில் அமுங்குகிறது. பாட்டு டீச்சருக்குத் தேங்காய், மேல்வீட்டுக்காரருக்கு மாத்திரை, பழைய ஆபீஸ் சிநேகிதி வீட்டில் அரை மணி என்று பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்பி வருகிறாள். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்து, இதுதான் சரியான வைத்தியம் என்கிறார். எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது, உனக்கென்ன குறை என்று நீ கேட்பாய். அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பால்கனியில் நிற்கிறேன். பதினொன்றே முக்காலுக்கு மேல் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் கம்பியைத் தாண்டி எட்டிப் பார்க்கிறேன். இந்த வயதில் இது எனக்குத் தாங்காது. ஆகையால் தயவு செய்து நீ அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல். ஏதோ கோளாறு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு நீயே தனியாக ஒரு வரி எழுதிவிடு. நான் சொன்னதாக மூச்சு விடாதே.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகளுக்குத் தலையைத் தடவி ஆசி. நீ ஏறுகிற கப்பலெல்லாம் கரை சேரட்டும், சேர்ந்த கரையிலெல்லாம் உனக்கு நல்ல தூக்கம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் கொரியர்காரர் வந்து கையளவு பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே முட்டியில் சுற்றிக்கொள்ளும் பட்டை, "அக்காவுக்கு" என்று உன் கையெழுத்து. கூடவே அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "சார், முன்னாடி பெரிய பெட்டி ஒண்ணு தப்பா இங்க வந்துடுச்சா? பின்பக்கக் கட்டடத்துல இதே நம்பர் வீடு. அங்க ஒரு கணக்கு வாத்தியார் அஞ்சு வாரமா எங்களை வறுத்தெடுக்கிறார்" என்றார். ஆக, வண்டி நீ அனுப்பியதே இல்லை. உன்னைத் திட்டி மேலே எழுதியதையெல்லாம் வேறு ஒரு மைத்துனனுக்கு எழுதியதாக நினைத்துக்கொள். சாயங்காலம் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு வண்டியை ஒப்படைத்துவிடுவேன். நான் கேட்டதுதான் நடக்கிறது, ஆனால் கேட்டவன் நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. வண்டி போகப்போகிறது என்றதும் முதலில் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, அவள் வந்துவிடுவாள். இந்தத் தடவை பொய் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். சொல்லி முடித்த கையோடு, "கவலைப்படாதே, உன் தம்பி இதே மாதிரி ஒண்ணு வாங்கி அனுப்புறான்" என்றும் சொல்லிவிடுவேன். அதைப் பொய்யாக்காமல் பார்த்துக்கொள்வது இனி உன் பொறுப்பு.