அரைப் பேர் கிளாக்கரும் ரெண்டு கிலோவும்

உலகத்தில் எந்தப் பொருளை நிறுத்தாலும் அதன் உண்மையான எடை தராசு காட்டுவதைவிட ரெண்டு கிலோ குறைவுதான் என்று மனதார நம்பிய ஒரே மனுஷன் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர்தான். அவருக்குப் பெயரே 'ரெண்டு கிலோ'. பெற்றவர்கள் வைத்த பெயர் செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. அதை மாதாமாதம் எழுதும் ஒப்பீஸ் கிளாக்கர் நான்தான். எழுதும்போதெல்லாம் 'யார் இந்த ஆள்?' என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்கள் மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகைக்குச் சாக்கைக் கொண்டுவந்தால், ரெண்டு கிலோ அதைத் தராசில் மாட்டிப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ வெட்டுவார். மழை நாளில் இன்னும் இரண்டு. வெட்டச் சொன்னது தோட்டத்துத் தொரை. ஆனால் இந்த மனுஷன் வெட்டை வீட்டுக்கும் கொண்டுபோனார். பக்கத்து லயத்து வீட்டில் பிள்ளை பிறந்தபோது எல்லோரும் சீனியும் சவர்க்காரமும் கொண்டுபோனார்கள். இவர் தராசோடு போனார்.

"மூணு கிலோ. துணிக்கும் ஈரத்துக்கும் ரெண்டு வெட்டு. புள்ள ஒரு கிலோ."

பிள்ளையின் தாய் மயங்கி விழாதது குலதெய்வத்தின் புண்ணியம்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் மாட்டினேன் என்று கேட்கிறீர்களா? என் எடை எண்பது கிலோ. அதில் பெரும்பகுதி இடுப்பைச் சுற்றியே குடியிருந்தது. ஒருநாள் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு குவாட்டர்ஸ் படியில் ஏறினேன். நாலாம் படியில் சிலிண்டர் உட்கார்ந்தது. ஐந்தாம் படியில் நான் உட்கார்ந்தேன். மேலேயிருந்து என் மனைவி பார்த்தாள்.

"உங்களையே உங்களால தூக்க முடியல. இதுல கேஸ் வேறயா?"

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. என் எடையை, அந்த எண்பது கிலோவை, ஒரே மூச்சில் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கிக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன். தோட்டத்தில் பாரம் தூக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் ரெண்டு கிலோ. ஃபோனில் வெளிநாட்டுப் பயில்வான்களைப் பார்த்துப் பார்த்து, ஐம்பத்தைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு நூற்றிருபது தூக்குவார். அவரைக் கேட்டால் நூற்றிப்பதினெட்டு என்பார்.

அந்தி நிறுவை முடிந்ததும் மடுவமே எங்கள் ஜிம். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று, இரண்டு முனையிலும் மணல் சாக்கு. கைவிட்ட மாணிக்கக் குழியிலிருந்து அள்ளிய மணல் அது. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு சிரட்டை மணல் கூடும். ஆக வாரத்துக்கு ஒரு கிலோ ஏறும். ஒருநாள் நான் பாரத்தைத் தூக்கி, கண் பிதுங்க நின்றபோது சாக்கின் ஓட்டையிலிருந்து மணல் கொட்டியது.

"சார், அசையாதீங்க! அப்பிடியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க. கல்லு ஒண்ணு மின்னுது!"

அவர் குனிந்து விரலால் கிளறும்வரை நின்றேன். கடைசியில் கிடைத்தது போத்தல் துண்டு. எனக்குக் கிடைத்தது மூன்று நாள் இடுப்பு வலி.

என் முன்னேற்றமெல்லாம் பழைய கொழுந்துப் புத்தகம் ஒன்றில் ஏறியது. காலை, பகல், அந்தி என்று அதில் மூன்று கட்டங்கள். "காலை: வரவில்லை. பகல்: வரவில்லை. அந்தி: 52. மூச்சு அதிகம், தூக்கு குறைவு." கடைசியில் பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு. தோட்டத்தில் அன்றைக்குரிய கிலோ வந்தால் முழுப் பேர், வராவிட்டால் அரைப் பேர். எனக்கு எண்பது வந்தால்தான் முழுப் பேர் என்று ரெண்டு கிலோ விதித்துவிட்டார். பத்து மாதம் அரைப் பேர் வாங்கினேன். கடைசிச் சனிக்கிழமை தராசு எண்பத்தொன்று காட்டியது. வெட்டுப் போக எழுபத்தொன்பது.

"ரெண்டு கிலோ, ஒரு கிலோதானே கொறையுது? கண்ண மூடிக்கிட்டு போடுங்களேன்."

"கண்ண மூடிக்கிட்டு தராசு பாக்க முடியாது சார்."

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். தோட்டம் முழுக்கச் சொல்லி, மனைவியை முன் நாற்காலியில் உட்காரவைத்தேன். 'கிளாக்கரையா தன்னையே தூக்குகிறார்' என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, மைதானத்தில் கால் வைத்த நேரம் பார்த்து மழை கொட்டியது.

ஆனாலும் தூக்கினேன்! இடுப்புவரை வந்தது. சனம் விசில் அடித்தது. ரெண்டு கிலோ பாரத்தைத் தராசில் மாட்டினார். எண்பத்திரண்டு. வழக்கமான வெட்டுப் போனாலும் சரியாக எண்பது. நான் மனைவியைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

ரெண்டு கிலோ வானத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"மழைக்கு இன்னும் ரெண்டு வெட்டு. எழுவத்தெட்டு. சிங்களத்துல ஹெத்தே அட்டய்! அரைப் பேர்."

"யோவ், அந்தத் தண்ணியையும் சேத்துத்தான்யா நான் தூக்கினேன்!"

"தூக்கினது உண்ம சார். ஆனா தண்ணிக்கு பேர் போட முடியாது."

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. நான் சிரிக்கவில்லை. அழுகைதான் வந்தது, நாற்பது வயதில். கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்கா குடையோடு பக்கத்தில் வந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இப்ப தெரியுதா கிளாக்கரையா, அரைப் பேரு எப்பிடி இருக்கும்னு?"

பதினாறு வருஷமாக அந்த அம்மாவின் பெயருக்கு நேரே எத்தனை அரைப் பேர் எழுதியிருப்பேன்! ஒருநாளாவது கை கூசியதில்லை. அன்றைக்குத்தான் கூசியது.

ரெண்டு கிலோவோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் தேயிலை ஆலையின் டீமேக்கர் ஒப்பீசுக்குள் பாய்ந்து வந்தார்.

"உங்க ஆளு கொழுந்து வாடப்போடுற எடத்துல மண்ணப் பரப்பி வச்சிருக்கான்! தேத்தண்ணி குடிக்கிறவன் பல்லு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

மடுவத்துக்கு ஓடினேன். பகல் நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் அந்தக் குழாய், இரண்டு சாக்கு. ரெண்டு கிலோ என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மழைல தூக்கினதுக்கு மழை வெட்டு, அது சட்டம். ஆனா ரெண்டு நாளா சோறு எறங்கல சார். மண்ணு காஞ்சிருச்சி, சாக்கும் காஞ்சிருச்சி. காஞ்சதுல கொறஞ்ச அளவுக்கு மண்ணு போட்டுட்டேன், வெட்டு போக எம்பது நிக்கிது. தூக்குங்க."

"அப்ப எங்க கொழுந்தையும் ஒருநா இப்பிடி காயவச்சி நிறுத்துப் பாரு" என்றார் பாக்கியம் அக்கா. ரெண்டு கிலோ தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

முதல் தடவை முழங்காலோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவை வேட்டி அவிழப் பார்த்தது. மூன்றாம் தடவை குனிந்தபோது ரெண்டு கிலோ வந்து, என் உள்ளங்கை வியர்வையைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

தூக்கிவிட்டேன். அவர் புத்தகத்தில் எழுதினார்: பேர் ஒன்று. எழுதிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

இப்போதும் அந்தியில் மடுவத்தில் பாரம் தூக்குகிறோம், எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறோம். அந்த மனுஷனை எனக்கு உயிராகப் பிடிக்கும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் பலம்தான் எனக்கு இன்னும் வரவில்லை.