ஒற்றைக்கரை ஊசிப் பட்டு

மச்சினன் கல்யாணத்துக்கு மனைவி கட்டிக்கொள்ள வேண்டிய பட்டுப்புடவையைத் தானே தனியாகப் போய் வாங்கி வரப்போவதாகப் புரொபசர் அறிவித்தபோது வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை. விழுந்திருக்க வேண்டும். சொந்தக் காசில் ஒரு கைக்குட்டை வாங்குவதற்கே கமிஷன் வைத்து விசாரிக்கிற மனிதர் அவர்.

கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறார். அதிலும் பட்டு என்றால் உயிர். பட்டுப்பூச்சி எந்த வழியாக எந்த தேசத்துக்குப் போனது, எந்த ராஜா எந்த நெசவாளருக்குத் தெருவையே எழுதிக் கொடுத்தார், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மாணவர்களும் தூக்கத்தில்தான் கேட்பார்கள். கைத்தறியைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் கண்ணீர் விடுவார். கடையில் காசு விடுவது மட்டும் கிடையாது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. அதிகம் பேச மாட்டாள். நரம்பு தட்டுப்படும்வரை பொறுமையாகத் தடவிப் பார்ப்பாள். தட்டுப்பட்டதும் ஒரே குத்து. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பிதாங்க. அவன் கல்யாணத்துலயாவது நெஜமான கைத்தறிப் பட்டு கட்டிக்கணும். மெஷின்ல ஓட்டினது வேண்டாம்."

"என்கிட்டயா மெஷினைப் பத்திப் பேசற? நான் யாரு?"

"அதான் பயமா இருக்கு."

கடையில் விற்பனையாளர் கைத்தறிப் புடவை ஒன்றை விரித்தார். அரக்கு உடம்பு, மாம்பழக் கரை. விலையைச் சொன்னார். புரொபசர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வேறு புடவை கேட்டார். அதே அரக்கு, அதே மாம்பழம், வேறு விலையில் இன்னொன்று வந்தது.

"இது மெஷின் சார். நூலும் பட்டு மாதிரிதான், பட்டு இல்ல."

"பார்த்தா ஒரே மாதிரி இருக்கே. எப்படிய்யா கண்டுபிடிக்கறது?"

"கரை ஓரத்தைப் பாருங்க. தறியில நெய்யறப்போ துணி சுருங்காம இருக்க, ரெண்டு முனையிலயும் ஊசி வச்ச குச்சியைக் குறுக்கே கொடுத்து இழுத்துப் பிடிப்பாங்க. அந்த ஊசி குத்தின புள்ளி ஓரத்துல வரிசையா இருக்கும். இந்த மெஷின் புடவையில அது இல்ல பாருங்க."

"ஓட்டைதான் வித்தியாசமா?"

"நீங்க கேட்டதுக்குச் சொன்னேன் சார்."

புரொபசருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நூற்றாண்டுக் கலைக்கும் தன் பர்ஸுக்கும் நடுவில் நிற்பது வெறும் ஓட்டை! மெஷின் புடவையை வாங்கினார். வரும் வழியில் ஒரு சேஃப்டி பின்னும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். புடவை என்பது எவ்வளவு நீளம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குத்திக்கொண்டே போனார், கரை முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. தன் விரலையும் சேர்த்துக் குத்திக்கொண்டு அலறினார்.

"என்னங்க ஆச்சு?" என்று கதவு தட்டப்பட்டது.

"ஒண்ணுமில்ல! குளிக்கறேன்!"

"தண்ணி விழற சத்தமே கேட்கலையே?"

"சிக்கனமா குளிக்கறேன்!"

இந்தப் பதிலை அவள் உடனே நம்பிவிட்டாள். மனிதரின் சுபாவம் அப்படி.

ஒரு பக்கக் கரையை முடித்ததும் புரொபசருக்குத் தெம்பு போய்விட்டது. ஒரு பக்கம் போதாதா, யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று பெட்டியில் வைத்து மூடினார். மறுநாள் காலை மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பதுபோல ஆரம்பித்தார்.

"உடம்புக்குத் தனிப் பாவு, அதாவது நீள நூல், கரைக்குத் தனிப் பாவு. ரெண்டையும் குறுக்கே போற ஊடை இழையால கோத்துக் கோத்து நெய்யறது. அதுக்குப் பேரு கோர்வை. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து நெய்யணும். இதோ பார், கரை ஓரத்துல ஊசிப் புள்ளி! கைத்தறியோட கையெழுத்து!"

மனைவி கரையை விரலால் தடவினாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மறுபக்கக் கரையைத் தடவினாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையே?"

அவள் திருப்பிப் பார்ப்பாள் என்று புரொபசர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சரித்திரக்காரருக்குச் சரித்திரம் எப்போதும் கை கொடுக்கும். ஆதாரம் கேட்க ஆளில்லாவிட்டால் போதும்.

"அதான் விசேஷம்! இதுக்கு ஒற்றைக்கரை ஊசி முறைன்னு பேரு. ரொம்பப் பழைய சம்பிரதாயம். ராஜ வம்சத்துக்கு மட்டும்தான் நெய்வாங்க."

"அப்படியா! பாவம், நெய்தவர் கை நடுங்கியிருக்கு. புள்ளியெல்லாம் கோணல் மாணலா இருக்கு."

"வயசானவர்."

"உங்க வயசு இருக்குமா?"

"அ... அதுக்கும் மேல."

அவள் புடவையைப் பத்திரமாக மடித்தாள். கண்ணை ஒற்றிக்கொண்டாள். "இவ்வளவு அபூர்வமானதை நான் கட்டிக்கிட்டா அடுக்குமா? இது உங்க அக்காவுக்குத்தான் பொருத்தம். ஞாயித்துக்கிழமை அவங்க வராங்க. நேத்தே நானே போன் பண்ணிக் கூப்பிட்டுட்டேன்."

புரொபசர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். சொந்தபந்தத்தில் அவருக்குத் 'தீப்பெட்டி' என்று பெயர். எங்கே பட்டைக் கண்டாலும் முந்தானையிலிருந்து ஒரு இழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்துவிடுவார். முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு. உருகி உருண்டையானால் போலி. ஒரு கல்யாண மண்டபத்தில் சம்பந்தியம்மாள் கட்டியிருந்த புடவையிலேயே இந்தச் சோதனையை நடத்தியதில், இரண்டு குடும்பத்துக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. தம்பி கொடுத்த புடவை உருண்டையானால், புரொபசர் செத்த வீட்டில்கூட அக்கா அதைத்தான் சொல்லி அழுவார்.

"நீயே கட்டிக்கோயேன். உனக்குன்னு ஆசை ஆசையா..."

"சேச்சே. சொன்ன சொல்லு மாறலாமா?"

வேறு வழி? மனைவி வேலைக்குப் போன நேரம் பார்த்துப் புரொபசர் கடைக்கு ஓடினார்.

"வாங்க சார். ஓட்டையெல்லாம் ஒழுங்கா விழுந்துச்சா?" என்றார் விற்பனையாளர்.

புரொபசர் அந்த நிஜமான கைத்தறியை நோக்கி விரலை நீட்டினார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவர் கையும் வயதான நெசவாளியின் கைபோல நடுங்கியது. வீட்டில் அசலைப் பெட்டிக்குள் வைத்தார். போலியைக் கல்லூரி அலமாரியில், யாரும் தொடாத தன் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தார். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினார். அக்காவிடம் நல்ல பெயர், மனைவியிடம் மாட்டவில்லை, போதும் என்று தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். கைப்பையில் தீப்பெட்டி குலுங்கியது. புரொபசர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மனைவி வந்தாள். பெட்டியோடு வரவில்லை. அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கொசுவ மடிப்புகளில் மாம்பழக் கரை அடுக்கடுக்காக நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் புரொபசர் பார்த்ததே இல்லை. ஒரு கணம் அவருக்கே பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் விலை ஞாபகம் வந்தது.

"ஒரு அதிசயம் பார்த்தீங்களாங்க? பெட்டிக்குள்ள இருந்தே மறுபக்கக் கரையிலயும் புள்ளி விழுந்திருக்கு. வரிசையா, நேரா. அந்த வயசானவருக்குக் கை நல்லா ஆயிடுச்சு போல."

அக்கா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. இழையை உருவினார், பற்ற வைத்தார், முகர்ந்தார். கூடம் முழுக்க முடி கருகிய நாற்றம்.

"சுத்தப் பட்டு! டேய் தம்பி, நீயா வாங்கின?"

புரொபசருக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். "அக்காவுக்குன்னு சொன்னியேடி? நீ ஏன் கட்டிக்கிட்டு நிக்கற?"

மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

"எனக்கா?" என்றார் அக்கா. "போன்ல இவ அப்படி ஒண்ணும் சொல்லலையே. நீ வாங்கித் தந்த புடவையைப் பார்க்க வாங்கன்னுதான் கூப்பிட்டா. ஆனா உன் மனசுல அப்படி ஒரு எண்ணம் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சேடா!" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "இவ கட்டினதை வாங்கிக்க மாட்டேன். எனக்குத் தனியா எடுத்துடு. மயில் பச்சை. இதே மாதிரி கைத்தறி."

புரொபசர் வாயைத் திறந்தார். அக்காவின் கையில் இன்னும் தீப்பெட்டி இருந்தது. மூடிக்கொண்டார்.

"கிளம்புங்க, கடை திறந்திருக்கும்," என்று மனைவி செருப்பை மாட்டினாள். "நானும் வரேன். கைத்தறி எது, மெஷின் எதுன்னு பாவம் உங்களுக்குப் பார்க்கத் தெரியாது."