வேண்டுதல் இல்லாத பிரதட்சணம்

எனக்கு வியர்ப்பது பிடிக்காது. அதைவிட, நான் வியர்ப்பதை இன்னொருவர் பார்ப்பது பிடிக்காது. சென்னையில் பிறந்துவிட்டு இப்படி ஒரு கொள்கை வைத்திருப்பது அசட்டுத்தனம்தான். ஆனால் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் நான் ஓடி முடிப்பதற்குள் எல்லைக் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள் (பரிசளிப்பும் ஆரம்பித்துவிட்டது). அப்படி ஒரு நாளைப் பார்த்த பெண்ணுக்குக் கொள்கை என்று ஏதாவது வராமல் இருக்குமா?

நாற்பது வயது தாண்டியும் அந்தக் கொள்கையோடு சௌகரியமாகத்தான் வாழ்ந்தேன். மயிலாப்பூரில் வீடு, அதே மயிலாப்பூரில் பள்ளிக்கூடம், ரசாயனப் பாடம், போக வர ஆட்டோ. ராயப்பேட்டையில் ஒரு டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் வினை ஆரம்பித்தது. இன்னும் மூன்று மாதம் பார்ப்பேன், தினமும் வேர்க்க வேர்க்க நடங்கள், சர்க்கரை இறங்கவில்லையென்றால் மாத்திரைதான் என்றார். என் அப்பா அதே மாத்திரையில் ஆரம்பித்து, ஊசிக்குப் போய், கடைசிக் காலத்தில் ஒரு காலையும் இழந்துவிட்டுப் போனவர். அதனால் நிஜமாகவே பயந்துவிட்டேன்.

பயந்தவள் முதலில் செய்த காரியம், தி.நகருக்குப் போய் ஷூ வாங்கியது. என் அளவில் ரோஸ் நிறம்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு (கொள்ளையடிக்கப் போகிறவள் மாதிரி) பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். ஒரு சுற்று முடிவதற்குள் பின்னாலிருந்து, "மிஸ், நீங்களா?" என்று ஒரு குரல். எப்போதோ நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பையன். மீசையெல்லாம் வைத்துக்கொண்டு, மூச்சே வாங்காமல் என்னைத் தாண்டி ஓடினான். ஒவ்வொரு சுற்றிலும் தாண்டினான். ஒவ்வொரு தடவையும் மரியாதையாக, "குட் மார்னிங் மிஸ்" என்றான். பழி வாங்குவதில் இவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை.

அடுத்தது அடையாறில் ஒரு ஜிம். அங்கே நாலு சுவரிலும் கண்ணாடி. என்னை நானே ஒருத்தியாகப் பார்ப்பதே கஷ்டம், அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டமாக இருந்தேன். ஷூவைப் பெட்டிக்குள் வைத்துப் பரண் மேல் போட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். மயிலாப்பூரில் ஒரு குண்டுப் பெண் காரணமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் ஒன்று உண்டென்றால் அது கோயில் பிராகாரம்தான். மறுநாள் காலையிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

பிரதட்சணம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. தலையில் எண்ணெய்க் குடம் வைத்த நிறைமாத கர்ப்பிணி மாதிரி அடி மேல் அடி வைத்துப் போக வேண்டும் என்பார்கள். நான் சுற்றியது கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி. டாக்டர் வேர்க்க வேர்க்க நடக்கச் சொல்லியிருந்தாரே! வியர்வை கண்ணில் இறங்கும், முந்தானையால் துடைப்பேன். மூச்சு வாங்கும், வலியில் பல்லைக் கடிப்பேன். கவனம் சிதறுவதற்காக, சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பண்டங்களின் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு போவேன். ஜாங்கிரி வரும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

இதை வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. ஒரு சுமங்கலி. அதிகாலையில், அதுவும் அம்மன் சன்னிதியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டில் ஏதோ ஜபத்தோடு, வெறி பிடித்தவள் போல் பிரதட்சணம் செய்கிறாள். அதற்கு மயிலாப்பூரில் ஒரே அர்த்தம்தான். ஆத்துக்காரருக்கு ஏதோ பெரிய வியாதி.

இந்த விஷயத்தில் என் கணவர் ரகுவும் தன் பங்கைச் செய்திருந்தார். அவர் வெளிநாட்டுக் கம்பெனிக்காக ராத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர். தெருவில் அவரைப் பார்த்தவர் குறைவு. கோயிலுக்கு எதிர் வீட்டு ஜெயம் மாமி (டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் ஊருக்கெல்லாம் இணைப்பு கொடுத்துக்கொண்டிருப்பவர்) ஒரு நாள் பார்த்திருக்கிறார். தாடியோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, பால்கனியில் வானத்தையே வெறித்தபடி ரகு நின்றிருந்தாராம். பாவம், அவர் செல்போனுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

யாராவது ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். கேட்க மாட்டார்கள். வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது, ஆகவே கேட்பதும் பாவம். எல்லோரும் கண்ணியமாக வாயை மூடிக்கொண்டு என்னிடம் அன்பாக மட்டும் இருந்தார்கள். வாசலில் பூ விற்கும் மல்லிகா எனக்கு முழம் போடும்போது அவள் கை நீண்டுகொண்டே போகும். ஜெயம் மாமி எதிரில் வந்தால் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவார். உடற்பயிற்சி செய்தால் உலகமே அழகாகத் தெரியும் என்று சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லோரையும்விட இரக்கம் காட்டியவர் குருக்கள். சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் வைக்கும்போது எனக்கு மட்டும் முந்திரி இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கரண்டியை விடுவார். கையை இழுத்தால், "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்கோ. தெம்பா இருக்கணும்" என்பார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு ஏது? நெய் முழங்கையில் வழிய அங்கேயே நின்று சாப்பிட்டு முடிப்பேன். அடுத்த தடவை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நடக்கிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இரண்டும் ஒரே இடத்தில்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

பிறகு ஆடி வெள்ளி வந்தது.

அன்றைக்குக் கோயிலில் நல்ல கூட்டம். நாலாவது சுற்றிலேயே ஜெயம் மாமி என்னை நிறுத்தி, கையைப் பிடித்துச் சன்னிதிக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் தட்டில் மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். மாமி என் காதருகில் குனிந்தார்.

"நான் எதுவும் கேக்கமாட்டேன். கேக்கவும் படாது. அவர் நட்சத்திரம் மட்டும் சொல்லு, போறும்."

யார் நட்சத்திரம் என்று விழித்தேன். ஆத்துக்காரர் நட்சத்திரம்தான் என்றார். ஆடி வெள்ளிக்கு எல்லோர் பெயரிலும் அர்ச்சனை செய்கிறார்கள் போலிருக்கிறது என்று, "ரோகிணி" என்றேன். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு சங்கல்பத்தை ஆரம்பித்தார். ரகுவின் பெயர் வந்தது. ரோகிணி வந்தது. ஆயுள் வந்தது, ஆரோக்கியம் வந்தது. அதுவரை சரி. அப்புறம் ரோக நிவர்த்தி வந்தது. தீர்க்க சுமங்கலித்துவம் வந்தது. பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் லேசாகப் பிடிபட்டது.

வாயைத் திறப்பதற்குள் வாசலில் ரகுவின் குரல். அன்றைக்கென்று பார்த்து மனுஷர் குளித்து, மழமழவென்று சவரம் செய்து, வேஷ்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் என் செல்போன். தூரத்திலிருந்தே, "ஹேமா, போனை ஆத்துலயே விட்டுட்டு வந்தா நீ நடக்கறதை அது எப்படி எண்ணும்? வெயிட் குறையணும்னு இவ்வளவு சுத்தறே, கணக்குல வர வேண்டாமா?" என்றார்.

அவருக்குக் கணீரென்ற சாரீரம். அதற்காகவே கல்யாணம் செய்துகொண்டேன்.

குருக்கள் கண்ணைத் திறந்தார். விரல் நடுவில் பூ அப்படியே நின்றது. கோயிலே என்னையும், ரகுவையும், மறுபடி என்னையும் பார்த்தது. ரகு ஒன்றும் புரியாமல் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டார். ஜெயம் மாமியின் தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாவிளக்கா! பேஷ். யாருக்கு வேண்டிண்டது?"

"உமக்குத்தான்" என்றார் மாமி.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன், எப்படி வீடு வந்தேன் என்பது சரியாக நினைவில்லை. டாக்டர், சர்க்கரை, நடை என்று ஏதோ உளறினேன். நான் கோயிலில் எடுத்த வேகத்திலேயே அதிக வேகம் அன்று வெளியேறியதுதான் என்று ரகு இன்றும் சொல்கிறார். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, மாமி ஆனி மாதத்திலிருந்தே வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. எனக்காக ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார். நான் அந்தச் சன்னிதியிலேயே நின்று முந்திரி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இனி பள்ளிக்கூடம் தவிர வேறு எங்கேயும் போவதில்லை என்று முடிவு செய்தேன். கோயில் இருக்கும் தெருமுனையைத் தவிர்த்து ஆட்டோவைச் சுற்றவிட்டேன். ஆக ஆட்டோ நடந்தது, நான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை வந்தால் வரட்டும், முகத்தைக் காட்ட முடியாது என்றிருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலை இருட்டு பிரியும் நேரத்தில் அழைப்பு மணி. ஜெயம் மாமி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா உன் ஆத்துக்காரர் நன்னா இருக்கணும்னு வேண்டிண்டேன். நன்னா இருக்கார். அம்பாள் காதுல விழுந்துடுத்துன்னு வெச்சுண்டுட்டேன். இப்போ என் காரியத்துக்கு வா."

புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கீழே வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூ.

"என் சுகர் உன்னுதுக்கு மேல. பொண்ணு இதை வாங்கிக் குடுத்து ஒரு வருஷமாறது. போட்டுண்டு தனியா தெருவுல இறங்க மானம் போறது. ரெண்டு பேராப் போனா ஆளுக்குப் பாதிதானே போகும்?"

நான் பரணிலிருந்து ரோஸ் ஷூவை இறக்கினேன்.

புடவையும் ஷூவுமாக நாங்கள் இருவரும் தெருவில் இறங்கிய அந்தக் காலையில், கோயில் வாசலில் மல்லிகா பூக்கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சர், இன்னிக்கு சாமியே இல்லாம சுத்தறியா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "சார் நல்லா கீறாரா?" என்று ஒரு கேள்வி. பால்காரர் சிரித்தார். காபிப் பொடிக் கடைக்காரர் கதவைத் திறந்தபடியே பார்த்தார். மாமி என் பக்கம் திரும்பி, தன் பங்கு மானம் போய்விட்டதாகவும், இனி போவதற்கு ஒன்றுமில்லையென்றும் அறிவித்தார். நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கூச்சம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்குத்தான் கிளம்ப ஆரம்பித்தது.

ஆடி வெள்ளியன்று என் பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லோருடைய பரணிலும் ஒரு ஷூ இருந்திருக்கிறது! யார் மருமகள் என்ன சொன்னாள், யார் வீட்டு ஃபில்டர் காபியில் சிக்கரி கூடிவிட்டது என்று பேசிக்கொண்டே போவோம். ஒரு நாள் பேச்சு முடிந்து நிமிர்ந்து பார்த்தால் லஸ் சந்திப்பையே தாண்டிப் போயிருக்கிறோம். மூச்சு வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று ஒரு குரல் கேட்டது, அது என்னுடையது. என் வாழ்நாளில் நான் சொல்வேன் என்று நினைத்தே பார்க்காத வாக்கியம். டாக்டர் இன்னொரு மூன்று மாதம் தவணை கொடுத்தார், அதற்கப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். என் உடம்பைக் கேலி செய்ய ஊரே காத்திருக்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஊர் எனக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தது. அந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேனோ தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது நடைக்கு வேண்டுதல் என்றுதான் பெயர். "இன்னிக்கு வேண்டுதல் முடிஞ்சுதா?" என்றுதான் ரகு காபியை நீட்டுவார். அம்மன் கோயிலில் அவருக்கு இன்றும் ராஜ மரியாதை. கண்டம் தாண்டியவர் என்று குருக்களுக்கு அவர் மேல் தனி வாஞ்சை. முந்திரிக் கரண்டி அப்படியே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

அதன் பலன், போன மாதம் அதே ராயப்பேட்டை டாக்டர் ரகுவின் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எங்களோடு வரச் சொன்னேன். அத்தனை மாமிகளுக்கு நடுவில் நடக்க வெட்கமாக இருக்கிறதாம். எங்கே போனார் தெரியுமா? அம்மன் கோயில் பிராகாரத்துக்கு.

நேற்று காலை மாடவீதியைச் சுற்றிவிட்டு நான் மட்டும் மாமியை முந்திக்கொண்டு மெதுவோட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பூ வாங்கிக்கொண்டே, உள்ளே வியர்வையைத் துடைத்தபடி சுற்றும் ரகுவைப் பார்த்து, பாவம், அவர் மனைவிக்கு என்ன உடம்பு என்று மல்லிகாவிடம் தணிந்த குரலில் விசாரித்தாள்.

"அந்தம்மாவுக்கா?" என்றாள் மல்லிகா, முழம் போடுவதை நிறுத்தாமல். "அதோ, ரோஸ் ஷூ மாட்டிக்கினு ஓடியாருது பாரு, அதான் அந்தம்மா."

முகமெல்லாம் வியர்வையோடு அந்தப் பெண்ணுக்குக் கையை ஆட்டிவிட்டு, நிற்காமல் ஓடினேன்.