ஒரு கிண்ணம் தூசி

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தார் அற்புதசாமி. அங்கேயும் இல்லை. பீரோவுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார். விரல் சுத்தமாக வெளியே வந்தது. ஜன்னல் கம்பி, மாதா படத்தின் சட்டம், டிவிக்குப் பின்னால் வயர் குவிந்து கிடக்கும் மூலை எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் எங்கேயும் தூசி இல்லை.

“அமலா!” என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே கத்தினார். “மருந்துக்குக்கூட ஒரு பொட்டுத் தூசி இல்ல. என்ன வீடு இது?”

அவருடைய மனைவி அமலராணி பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “காலையிலதானே பெருக்கித் துடைச்சேன். அப்புறம் எப்படிங்க இருக்கும்?”

“அப்ப இதை நான் எதை வெச்சு டெஸ்ட் பண்றது?”

‘இது’ ஹாலின் நடுவே விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் வந்து இறங்கிய புது வேக்குவம் கிளீனர். குனியாமல், நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம். கீழே சுழலும் பிரஷ், மேலே நீளக் கைப்பிடி, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு டப்பா. குப்பை சேர உள்ளே பை எதுவும் கிடையாது. உறிஞ்சியதெல்லாம் அந்த டப்பாவில் சுழன்று விழும். நிறைந்ததும் ஒரு பட்டனை அமுக்கினால் அடிமூடி திறந்து கொட்டிவிடும்.

குனிந்து பெருக்கிப் பெருக்கி அமலராணிக்கு இடுப்பு வலி. அதைக் கேட்டு ஓசூரிலிருந்து மகன் ஆசீர் அனுப்பியிருப்பதாக அவள்தான் சொன்னாள். பிடிக்கவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் திருச்சிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமாம்.

“நீங்களே நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா வெச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அற்புதசாமிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். திருவெறும்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தட்டிப் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு குழாய்கூட அங்கே வாசலைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. காபி டம்ளரைக் கையில் எடுத்தால்கூட விளிம்பில் நெளிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகிறது.

அதே மாடியில் இருந்த எதிர் வீட்டு மணியை அடித்தார். தமிழ்மணி கதவைத் திறந்தாள்.

“வாங்க சார்.”

“ஒரு உதவி வேணும்மா. உங்க வீட்டுல தூசி இருக்குமா?”

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன சார் கேட்டீங்க?”

“தூசி. ஒரு கிண்ணம் இருந்தாப் போதும். கொஞ்ச நாள் சேர்ந்ததா இருந்தா இன்னும் நல்லது. எங்க வீட்டுல சுத்தமா இல்ல.”

“எங்க வீட்டுல மட்டும் எப்படி சார் இருக்கும்? நாங்களும் தினம் பெருக்குறவங்கதான்.”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலைம்மா. எங்கயாவது மேல, உள்ள... அதோ பாருங்க, உங்க ஃபேன் றெக்கையிலயே எவ்வளவு இருக்கு!”

தமிழ்மணி திரும்பி ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அடுப்புல குழம்பு இருக்கு சார்” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அற்புதசாமி யோசித்தபடியே மாடிப்படியில் இறங்கினார். தூசி கிடைக்காவிட்டால் என்ன? தூசியை உண்டாக்கினால் போகிறது. தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் கோலமாவு வாங்கி வந்தார். ஹால் முழுக்க ஒரே சீராகத் தூவினார். மெஷினை நடுவில் நிமிர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டார்.

முன்பக்கமாக உள்ளே போன மாவு பின்பக்கமாக வெளியே வந்தது.

அவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புகை மாதிரி கிளம்பிய மாவை ஃபேன் வாங்கி நாலு சுவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. சுவிட்ச் எங்கே என்று தேடுவதற்குள் சோபா வெளுத்தது, டிவி வெளுத்தது, மாதா படம் பனிமூட்டத்துக்குள் போனது. ஒருவழியாக அணைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், முதல் நாள் சாயங்காலம் தரம் பார்ப்பதற்காகத் தானே கழற்றிக் கழுவிப் போட்ட ஃபில்டர் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது.

“இது மெஷின் குத்தம் இல்ல” என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

அதன்பிறகு அவர் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினார். துணியை நனைத்துத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் மாவு குழைந்து வரிவரியாக நின்றது. மறுபடியும் துடைத்தார். அமலராணி வருவதற்குள் முடிய வேண்டுமே என்று கை பறந்தது. இடுப்பு விண்ணென்று தெறித்தபோது, இவள் இதைத் தினமும் செய்கிறாளா என்று நினைத்துக்கொண்டார்.

டப்பாவில் மிச்சமிருந்த மாவைக் கொட்ட வேண்டும். கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனால் வாட்ச்மேன் ஷேக் தாவூது என்ன ஏது என்று கேட்பார். அவருக்குத் தெரிந்தால் எல்லா வீட்டுக்கும் தெரியும். எனவே டப்பாவோடு மொட்டை மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரோரம் பூந்தொட்டி ஒன்று காலியாக இருந்தது. அதற்கு நேராகப் பிடித்துப் பட்டனை அமுக்கினார். அதே நேரம் பார்த்துக் காற்று அடித்தது.

மாவு தொட்டியில் விழவில்லை. மாடியின் மறுகோடியில் வெள்ளை வேட்டியை விரித்து, தமிழ்மணி காலையில் கிள்ளி வைத்திருந்த வெங்காயக் கூழ் வத்தல் மேல் நிதானமாகப் போய் இறங்கியது.

அற்புதசாமி குனிந்து ஊதிப் பார்த்தார். மாவு இன்னும் உள்ளே இறங்கியது. துண்டால் தட்டினார். வத்தல் நசுங்கியது. அப்போதுதான் மின்னல் மாதிரி அந்த யோசனை வந்தது. தூசியை எடுப்பதற்கென்றே ஒரு மெஷின் வீட்டில் இருக்கிறதே!

ஃபில்டரை மாட்டி, எக்ஸ்டென்ஷன் வயரை மோட்டார் அறை பிளக்கில் செருகி, மெஷினை மாடிக்குத் தூக்கி வந்தார். அதன் பக்கவாட்டுக் குழாயைக் கழற்றி, வத்தலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து ஓட்டினார். மாவு அழகாக எழும்பிப் போனது. முகத்தில் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

‘டொக்’ என்றது.

ஒரு வத்தலைக் காணோம். என்ன என்று பார்ப்பதற்குள் டொக், டொக், டொக் என்று வரிசை வரிசையாகக் கிளம்பின. பாதி காய்ந்தவை டப்பாவுக்குள் போய்க் கடகடவென்று சுற்றின. காயாதவை குழாயிலேயே ஒட்டிக்கொண்டன. மெஷின் தொண்டை அடைத்தவர் மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுபோனது.

வேட்டியில் வத்தல் இருந்த இடத்தில் ஈரத் திட்டுகள் மட்டும் இருந்தன.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, குழாயைத் தோண்டிப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அற்புதசாமி ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த சௌரிராஜன் வீட்டில் எப்போதும் வத்தல் டின் நிறைந்திருக்கும். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவர் உட்கார்ந்த சீட்டிலிருந்து இரண்டு முறை எழுந்து, கண்டக்டரின் முறைப்புக்குப் பயந்து இரண்டு முறை உட்கார்ந்தார்.

“வடாமா? இருக்கே!” என்றாள் சௌரிராஜனின் மனைவி பூமா. “போன வாரம்தான் இட்டேன். ஆத்துல ஏதாவது விசேஷமா?”

“இல்லைங்க. ஒரு டெஸ்டிங் நடக்குது.”

“வடாத்தையா டெஸ்ட் பண்றேள்?”

உள்ளேயிருந்து சௌரிராஜன் குரல் கொடுத்தார். “கேள்வி கேக்காதே, குடுத்துடு! கேண்டீன்ல இட்லியத் தட்டிப் பார்த்து விரிசல் தேடின மனுஷன் அவர்.”

வெயில் இறங்குவதற்குள் அற்புதசாமி மாடிக்குத் திரும்பிவிட்டார். வேட்டியைத் தட்டி விரித்து வடாம்களை வரிசையாக அடுக்கி முடித்தபோது, பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

“என்ன சார் இது?” என்றாள் தமிழ்மணி.

“வத்தல்மா. நல்லாக் காஞ்சிருக்கு பாருங்க.”

“காலையில வெங்காயம் போட்டுக் கூழ் வத்தல்தானே கிள்ளி வெச்சேன்? இது ஜவ்வரிசில வட்ட வட்டமா இருக்கே!”

“இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம்” என்றார் அற்புதசாமி.

அவள் ஒரு வடாமை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மறைத்து வைத்திருந்த டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே அவளுடைய வத்தல்கள் கோலமாவில் புரண்டு கிடந்தன. தமிழ்மணியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, “பரவாயில்ல சார்” என்றாள். “மெஷின் நல்லா இழுக்குதா?”

“நல்லா இழுக்குது...”

“அப்ப விடாம டெஸ்ட் பண்ணுங்க.”

அற்புதசாமி அசந்துபோனார். வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட அதிசயம். பள்ளியிலிருந்து வந்த அமலராணி சோபாவில் உட்கார்ந்தாள். புஸ்ஸென்று மாவு கிளம்பியது. தும்மினாள். வரிவரியாக இருந்த தரையைப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டிருந்த மெஷினையும், அதன் குழாயிலிருந்து கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்த வத்தலையும் பார்த்தாள்.

“பரவாயில்லைங்க” என்றாள். “நாளைக்கு இன்னொரு தடவை பாருங்க.”

காய்ச்சலாக இருக்குமோ என்று அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆசீருக்கு போன் போட்டார். “டேய், மெஷின் பத்தி இன்னும் முடிவுக்கு வர முடியலைடா.”

“அவசரமே இல்லப்பா. ஒரு மாசம்கூட நிதானமாப் பாருங்க.”

“சனிக்கிழமைக்கு மேல திருப்பி எடுக்க மாட்டாங்களேடா?”

“அப்ப அதுக்கு மேலயும் பாருங்க” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. தமிழ்மணி நின்றிருந்தாள். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொண்டுவருகிற மாதிரி கையில் ஒரு கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது.

“ஃபேன் மேல இருந்து எடுத்தேன் சார். நல்லா சேர்ந்த தூசி.”

பின்னாலேயே மாடி வீட்டுக்காரர் ஒரு பையில் கார் மிதியடி மண் கொண்டுவந்தார். கீழ் வீட்டம்மா தலையணை பஞ்சும் நாய் முடியும் கொடுத்தனுப்பினாள். அற்புதசாமி நெகிழ்ந்துபோனார். அவ்வளவையும் தனித்தனியாகத் தரையில் போட்டு, கழுவிக் காயவைத்து மாட்டிய மெஷினை ஓட்டினார். மண் போனது. பஞ்சு போனது. நாய் முடி பிரஷில் சுற்றிக்கொண்டாலும் கடைசியில் போனது. சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை. அதுவே அவருக்கு இருப்புக்கொள்ளாமல் செய்தது. குறையே இல்லாத பொருளை அவர் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலராணியைக் கூப்பிட்டார். “நீதானே தினம் ஓட்டப்போற. ஒரு தடவை தள்ளு, பார்ப்போம்.”

அவள் தள்ளினாள். ஹாலில் நன்றாகவே போனது. படுக்கையறை வாசற்படியில் மெஷினைத் தூக்கி வைத்தபோது அவளுடைய ஒரு கை தன்னால் இடுப்புக்குப் போனது. உடனே எடுத்துவிட்டாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“வலிக்குதா?”

“சேச்சே, ஒண்ணுமில்ல.”

“அமலா, கையை மறைக்காத.”

“லேசா... பழகிடுங்க.”

அற்புதசாமி போய் மெஷினை அணைத்தார். “இது பாஸ் ஆகல.”

“ஏங்க, நல்லாத்தானே இழுக்குது!”

“இழுக்குது. உன் இடுப்பையும் சேர்த்து இழுக்குது. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன். இனிமே வீட்டை நானே பெருக்குறேன்.”

“ஐயோ, வேணாங்க!” என்று பதறினாள் அமலராணி. “இருக்கட்டுங்க. எனக்கு வலியே இல்லைங்க!” இரண்டு முறை குனிந்து நிமிர்ந்துகூடக் காட்டினாள். அவர் மசியவில்லை. தலையசைப்பில் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் அட்டைப்பெட்டியைக் கட்டி, லிஃப்டில் இறக்கி, வாசலுக்கு வந்தார். மலைக்கோட்டைப் பக்கம் கடைக்குப் போக ஆட்டோ வெளியே நின்றது. கேட்டை மறித்தபடி மூன்று மாடிக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

“சார், அவசரப்படாதீங்க” என்றார் மாடி வீட்டுக்காரர். “மழைக்காலத்துல இது எப்படி ஓடும்னு பார்க்க வேணாமா?”

“மெத்தை மேல ஓட்டிப் பார்த்தீங்களா சார்?” என்றாள் கீழ் வீட்டம்மா. “எங்க நாய் முடி இன்னும் நிறைய இருக்கு.”

“எங்க வீட்டுல இன்னும் ரெண்டு ஃபேன் இருக்கு சார், தொடவே இல்ல!” என்று தமிழ்மணி கும்பிட்டாள்.

அற்புதசாமி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். “என் சம்சாரத்தோட இடுப்பு மேல உங்களுக்கெல்லாம் இவ்வளவு அக்கறையா! இருந்தாலும் ஃபெயில்னா ஃபெயில்தான். தாவூது, கேட்டைத் திறங்க.”

ஷேக் தாவூது கேட்டைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னார்:

“மாட்டேன் சார்! இது போயிட்டா நீங்க மறுபடியும் லிஃப்டை நிறுத்தி, டேங்கைத் தட்டி, மோட்டாரைக் கழட்டி டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சுருவீங்க. அதுக்குப் பயந்துதானே உங்க வீட்டு மேடம் யோசனைப்படி எல்லாரும் சேர்ந்து இதை வாங்கி, உங்க பையன் அனுப்பினதா உங்ககிட்டச் சொல்ல வெச்சோம்!”